கடைசி வரியில் ஒரு பெயர்

முளை வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது வாசனைதான். ஈரச் சாணம், ஊறிய வைக்கோல், தட்டாம்பயறு முளைவிடும் பச்சை வாடை, அதற்கெல்லாம் மேலே நல்லெண்ணெய்த் திரி எரிகிற மணம். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகிய பிறகு பார்த்தால் சுவரோரமாக முளைப்பாரிச் சட்டிகள். வெயிலே படாமல் வளர்ந்த பயிர், பச்சையும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், பால் கலந்த மஞ்சளாகத் தலையைச் சாய்த்து நிற்கும். யாராவது கதவைத் திறந்தால் அத்தனையும் ஒருசேர அசையும்.

அந்த இருட்டுக்குள் நின்ற ஒரு சாயங்காலத்தைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். ரொம்ப வருஷம் ஆகிவிடவில்லை. 'செல்போன் டார்ச் அடிக்காதீர்' என்று கதவில் எழுதி ஒட்ட வேண்டியிருந்த காலம்தான். இடமும் ஒன்றும் பழங்காலத்து இடமில்லை. விளாங்குடியில் எங்கள் தெருக் கமிட்டித் தலைவர் வீட்டுக் கீழ் அறை. வருஷம் முழுக்க அங்கே சிமெண்ட் மூட்டையும் ஓட்டை சைக்கிளும் கிடக்கும். ஆடி பிறந்தால் கழுவி மெழுகி, ஜன்னலைச் சாக்கால் மூடி, அம்மனுக்கு முளை போடுகிற வீடாக்கிவிடுவோம்.

திருவிழாவுக்கு முந்தின நாள் அது. நாங்கள் பெண்கள் எல்லாரும் பயிரைச் சுற்றிக் கும்மி கொட்டிக்கொண்டிருந்தோம். வளையல் சத்தமும் கை சத்தமும் அந்தச் சின்ன அறைக்குள் முட்டி முட்டித் திரும்பின. எனக்குக் கண் செருகியது. தூக்கம் இல்லை, ஆனால் விழிப்பும் இல்லை. பாட்டு கடைசி வரிக்கு வந்தது.

விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டியம்மா, "நிறுத்துங்கக்கா" என்றாள்.

கும்மியைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நிறுத்தினால் பயிர் வாடிவிடும் என்பார்கள். நானே எத்தனை பேரை அதற்காக வைதிருக்கிறேன்! ஆனாலும் அவள் குரலைக் கேட்டு எல்லாருடைய கையும் அப்படியே நின்றுவிட்டது.

ஏன் நிறுத்தச் சொன்னாள் என்பதற்கு முன்னால் அந்தப் பாட்டைக் கட்டின ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வேனிலிருந்து வந்த குரல்

வேலுச்சாமி சரக்கு வேன் ஓட்டுகிறவர். கொட்டாம்பட்டிப் பக்கம் போய்த் தேங்காய் ஏற்றி வருவார். வண்டி தெருமுனை திரும்பும் முன்னே குரல் திரும்பிவிடும். கரகரப்பும் குழைவும் சேர்ந்த குரல். அதைக் கேட்டுக்கொண்டே என் தையல் கடை வாசலில் ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் கொக்கி வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கிப் போயிருக்கிறார்கள். எனக்கு அது லாபம்தான்.

எந்தக் கட்சிக்காரர்கள் கூப்பிட்டாலும் போய்ப் பாடுவார். போன மாதம் ஒரு கொடியை வாழவைத்த அதே மெட்டு, இந்த மாதம் அதன் எதிர்க்கொடியை வாழவைக்கும். கேட்டால், "மெட்டுக்கு என்ன தெரியும் தங்கச்சி, அது பச்சப்புள்ள" என்று சிரிப்பார். அவர் சிரித்தால் நமக்கும் சிரிப்பு வந்துவிடும். அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

அம்மனுக்கு அவர் கட்டின முளைப்பாட்டு அந்த வகையில் சேராது. அதைக் கூலிக்குக் கட்டவில்லை. எங்கள் தெருவில் முதல் முறையாக முளை போட்ட வருஷம், பாடத் தெரிந்தவர் யாரும் இல்லையே என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, வேன் படியில் உட்கார்ந்து பீடியை அணைத்துவிட்டு அவர் பாடிக்காட்டினார்.

இருட்டுக்குள்ள போட்ட வெதை எந்த வழி வருமோ
எட்டி எட்டி வெளிச்சம் தேடி என்னைப் போல அழுமோ

இந்த இரண்டு வரிக்கு நான் கடன்பட்டவள். போன வாரம் என் வீட்டுக்காரர் தவறிப்போன கதையை எழுதியிருந்தேன். அவர் போன பிறகு நான் மெஷின் முன்னால் உட்காருவேன், தைக்க மாட்டேன். துணி அப்படியே ஊசிக்கடியில் கிடக்கும். மிதிக்க வேண்டும் என்று காலுக்குத் தோன்றாது. அப்படி ஒரு காலையில் கோயில் குழாய் ரேடியோவில் அந்தக் குரல் வந்தது. இருட்டுக்குள்ள போட்ட வெதை. என் கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. பாட்டு முடியும்போது ஜாக்கெட்டுக்கு ஒரு கை தைத்து முடித்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் பசித்துச் சாப்பிட்டேன்.

பாட்டுக் கட்டுகிறவர்கள் கடைசி வரியில் தங்கள் பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேலுச்சாமியும் வைத்தார்.

விளாங்குடி வேலுச்சாமி வேண்டிக் கேக்குறேன் தாயே
வெதச்சதெல்லாம் பச்சை கட்ட வரங்கொடம்மா நீயே

பாட்டுக்கு அதுதான் முடிப்பு. அந்த வரத்தைக் கேட்காமல் பாட்டை விட்டால் கும்பிட வந்தவள் கும்பிடாமல் போன மாதிரி.

வழுக்காத குழாயடி

பாண்டியம்மா வேலுச்சாமியின் மனைவி.

எனக்குக் கொக்கி, காஜா, ஹெம்மிங் எல்லாம் செய்து கொடுத்தவள். வாய் சிறுத்தவள், கை பெருத்தவள் என்று அவளைக் கேலி செய்வேன். பேச்சு நாலு வார்த்தை, வேலை நாலு ஆள் வேலை. சில நாள் கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போர்த்திக்கொண்டு வருவாள். "என்னடி, சித்திரை வெயில்ல குளிருதா?" என்பேன். முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொள்வாள். பிறகு நானே கேட்பதை விட்டுவிட்டு, வாய்க்குள்ளேயே அவனைத் திட்டிக்கொள்வேன். அவர் என்று எழுதியவளுக்கு இங்கே அவன் என்றுதான் கை வருகிறது. இருக்கட்டும்.

ஒருநாள் விடிகாலையில் இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு வந்து என் கதவைக் காலால் தட்டினாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய திசையில் இல்லை. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"குழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். பாண்டியம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் நான் கத்தின கத்தில் ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பிவைத்துக்கொண்டார்.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. துணியை இறுக்கிப் பிடிக்க அந்தக் கையால் முடியாது. அந்தத் தடவை அவள் அவனிடம் திரும்பிப் போகவில்லை. என் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் குடிவந்தாள். காலையில் பால் பூத்தில் பாக்கெட் எடுத்துக் கொடுப்பாள், மீதி நேரம் எனக்குத் துணை.

அந்தக் கையால் கும்மி கொட்டவும் முடியாது. வருஷா வருஷம் முளை போடுவாள், விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையால் தொடையில் தட்டிக்கொள்வாள். வேலுச்சாமி பாட்டு வரும்போது மட்டும் தட்டமாட்டாள். எழுந்து போய் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி எதையாவது செய்வாள்.

நாங்கள் அதைப் பார்த்தும் பாடிக்கொண்டிருந்தோம். அவ்வளவு நல்ல பாட்டு அது.

பஸ்ஸும் டிரைவரும்

அந்த வருஷம் தலைவருக்கு ஒரு யோசனை பிறந்தது. தலைவர் ரிட்டயர்டு கண்டக்டர். எந்தக் கூட்டத்தையும், 'உள்ள போங்க, உள்ள போங்க' என்றே நடத்துகிறவர். திருவிழா அன்றைக்கு முளை கரைக்கக் கண்மாய்க்குப் போகிற வழியில் வேலுச்சாமியை மினி லாரியில் ஏற்றிப் பாடவைத்து, பொன்னாடை போர்த்துவது என்று முடிவாகிவிட்டது. ஃபிளக்ஸ் வந்து இறங்கியது. அதில் வேலுச்சாமி கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். இரண்டு கையும் நேராகப் பொருந்தியிருந்தது.

அதற்குள் முளை போட்டாயிற்று. பாண்டியம்மாவின் சட்டியும் உள்ளே இருந்தது. போட்ட முளையை எடுக்க முடியாது, போட்டவள் திருவிழா முடியும்வரை வராமல் இருக்கவும் முடியாது.

ஃபிளக்ஸ் வந்த அன்று ராச்சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, இந்த வருசத்தோட எனக்குச் சட்டி வேணாம். ஆத்தாகிட்டச் சொல்லிட்டு நிப்பாட்டிக்கிறேன்."

"ஏன்டி?"

"அவனுக்குப் பொன்னாடை போடுற கூட்டத்துல நான் எதுக்கு? நீங்க பாடுங்க. உங்களுக்குப் பாட்டு வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அப்பா அம்மா இல்லை, பிள்ளை இல்லை. வருஷத்தில் அந்த ஒன்பது நாள்தான் நாலு பெண்களோடு சேர்ந்து உட்காருவாள், அவள் சட்டியையும் நாலு பேர் பார்த்து, 'என்னம்மா வளர்ந்திருக்கு!' என்பார்கள். அதுவும் போனால் அவளுக்குப் பால் பூத்தும் என் கடைச் சுவரும்தான் மிச்சம்.

மறுநாள் பாண்டியம்மா பால் பூத்துக்குப் போன நேரம் பார்த்து என் கடையிலேயே பஞ்சாயத்து. எதிர்வீட்டுச் சரோஜாவும் வந்துவிட்டாள். அவள் சௌராஷ்டிரக்காரி. கோபம் வந்தால் அவள் பாஷையில் தொடங்கி நம் பாஷையில் முடிப்பாள், நமக்குப் பின்பாதி மட்டும் கிடைக்கும்.

தலைவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பாட்டு வேற, ஆளு வேறத்தா. டிரைவரு குடிகாரன்னு பஸ்ஸக் கொளுத்திருவியா?"

"கொளுத்த மாட்டேண்ணே. ஆனா அவன் ஓட்டுனா ஏற மாட்டேன்" என்றாள் சரோஜா.

"அப்பப் பாட்ட நிப்பாட்டிருவமா? அம்புட்டுப் பேரும் அதக் கேக்கத்தான் வாராக."

சரோஜா உடனே கட்சி மாறினாள். "அது முடியாதுண்ணே. வெங்காயம் வித்தவன் பொண்டாட்டிய அடிக்கிறவன்னு சாம்பார்ல வெங்காயம் போடாம இருக்கமா?"

"கூறு கெட்டவளே, வெங்காயத்த அவனா படைச்சான்? பாட்ட அவன்தானடி படைச்சான்!" என்று நான் கத்தினேன்.

கத்தினேனே தவிர, எனக்கும் பாட்டு வேண்டும். அதுதான் உண்மை. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. பாண்டியம்மாவையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கத்திரிக்கோலைக் கையில் எடுத்தவளுக்கு இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி தோன்றியது.

"பேர எடுத்துருவோம்" என்றேன்.

"எடுத்துட்டா வரத்த யாரு கேக்குறதாம்? ஆத்தாவுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் சரோஜா.

"விளாங்குடி சனமெல்லாம் வேண்டிக் கேக்குறோம் தாயே. எப்படி இருக்கு?"

பாடிப் பார்த்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சீர் கூடவில்லை, குறையவில்லை. தலைவர், "இதுக்குத்தான் தையல் தெரிஞ்சவக வேணுங்கிறது" என்றார். ஃபிளக்ஸையும் பொன்னாடையையும் மட்டும் மாற்ற முடியாதாம், சொல்லியாயிற்றாம். முதலில் இதையாவது செய்வோம் என்று விட்டேன்.

எனக்கு ஒரே பெருமை.

கைக்குழி

இந்த வெட்டுகிற வித்தை எனக்குப் புதிதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் தையல் கற்றுக்கொண்டது டவுனில் ஒரு மாஸ்டரிடம். ஜாக்கெட்டில் கையை இணைக்கிற கைக்குழியை அவர் மாதிரி வெட்ட மதுரையில் ஆளில்லை. அளவு நாடா இல்லாமல், சாக்கட்டியால் ஒரே இழுப்பு. அந்த வளைவில் வெட்டின ஜாக்கெட் கையைத் தூக்கினாலும் இறக்கினாலும் சுருங்காது. கோடு போடும்போது அவர் முகம் அம்மன் சன்னதியில் நிற்பவர் முகம் மாதிரி இருக்கும்.

அதே மாஸ்டரின் கை, அளவெடுக்கச் சொல்லித்தருகிறேன் என்று போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். ஒருநாள் குண்டூசியால் குத்திவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. ஆனால் கைக்குழி என் கையோடு வந்துவிட்டது. இன்றைக்கும் நான் வெட்டுவது அந்த வளைவுதான். திருப்பரங்குன்றத்திலிருந்தெல்லாம் அதற்காகவே பஸ் ஏறி வருகிறார்கள். "யாருக்கா கத்துக் குடுத்தாக?" என்று கேட்டால், "யாரும் இல்ல, தானாப் பழகுனது" என்று சொல்லிவிடுவேன்.

அந்த ஆளின் பெயரைச் சொல்லி அவனுக்கு எதற்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். வெகுகாலம் அந்த எண்ணம் எனக்குச் சரியாகத்தான் பட்டது. வேலுச்சாமி பெயரை வெட்டும்போதும் அதே சரிதான்.

தானா ஒடிஞ்ச கை

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். கும்மி நின்றுவிட்டது. ஒரு திரி மட்டும் எரிகிறது. பயிரெல்லாம் எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வெளியே திண்டுக்கல் ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தம் எங்கேயோ தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி கேட்கிறது.

புது வரியை முளை வீட்டில் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பாடினோம். விளாங்குடி சனமெல்லாம் என்று பாடியபோது நான் ஓரக்கண்ணால் பாண்டியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அப்போதுதான் நிறுத்தச் சொன்னாள்.

"என்ன பாண்டி?" என்றேன்.

"பேர ஏன் மாத்துனீக?"

"உனக்காகத்தான்டி! அந்த எடுபட்ட பய பேரு உன் காதுல விழ வேணாம்னுதான். பாட்டு நம்மளோடதா இருக்கட்டும், அவன் யாரோ!"

அவள் எழுந்தாள். அவள் எழுந்த காற்றில் பயிர் அசைந்தது.

"அக்கா, ஆசுபத்திரியில டாக்டரம்மா கேட்டப்ப வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல. அன்னைக்கு அவன் பேர நானே எடுத்தேன். பயத்துல எடுத்தேன். இப்ப நீங்க எல்லாரும் சேர்ந்து எடுக்குறீக. பாட்டுலயும் அவன் இல்ல, கையிலயும் அவன் இல்லன்னா, இந்தக் கை தானா ஒடிஞ்சதாயிருமேக்கா."

அவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள்.

"பாட்டு நல்ல பாட்டுதான். எனக்குத் தெரியாதா? என்னைய அடிக்காத நாள்ல ராத்திரி உக்காந்து என் காதுலதான மொதல்ல பாடிக் காட்டுனான். அழுதிருக்கேன் நான். அம்புட்டு நல்லாப் பாடுனவன்தான் இதையும் செஞ்சான். இது வேற ஆளு இல்லக்கா. ஒரே ஆளு."

கோணலான கையை விளக்குக்கு நேராக நீட்டினாள். அதற்கு முன்னால் யாருக்கும் அவள் அதை நீட்டிக் காட்டினதில்லை.

"பாடுறதா இருந்தா அவன் பேரச் சொல்லிப் பாடுங்க. சொல்லும்போது இதையும் நெனச்சுக்கங்க. இல்லையா, பாட்டே வேணாம். பேரில்லாம மட்டும் பாடாதீக."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்காக எவ்வளவு மல்லுக்கட்டினேன், இவள் என்னையே குறை சொல்கிறாளே என்று. வாய் துடித்தது. என்ன ஆச்சரியமோ, அந்தத் துடிப்போடு எனக்கு வேறொரு பெயரும் நாக்கு நுனிக்கு வந்தது, சாக்கட்டியும் குண்டூசியுமாக. எத்தனை வருஷமாக, 'தானாப் பழகுனது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்! அப்படிச் சொல்லிச் சொல்லி அந்த ஆளை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன் என்று அந்த இருட்டில் எனக்கு உறைத்தது. அந்த மாஸ்டரிடம் எனக்குப் பிறகு எத்தனை பெண்கள் தையல் பழகப் போனார்களோ, தெரியாது.

சரோஜாதான் முதலில் வாய் திறந்தாள். எந்த பாஷையும் பேசவில்லை, பாடினாள். விளாங்குடி வேலுச்சாமி. நாங்களும் சேர்ந்துகொண்டோம். அதே மெட்டு, அதே வார்த்தை. ஆனால் அந்தப் பெயர் வந்த இடத்தில் எல்லாருடைய கண்ணும் அவள் கையில் இருந்தது. இத்தனை வருஷம் நாங்கள் பாடியதில் அந்த வரி அப்படி ஒலித்ததில்லை. பாண்டியம்மா உட்கார்ந்து, வலது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

கண்மாய்க்குப் போகிற வழி

ஊர் வாயை உலைமூடி போட்டா மூட முடியும்? விடிவதற்குள் புது வரி உள்பட விஷயம் எல்லாம் வேலுச்சாமி காதுக்குப் போய்விட்டது.

மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு முளைப்பாரி கிளம்பியது. இருட்டிலேயே இருந்த பயிர் வெளிச்சத்துக்கு வருகிற நேரம் எனக்கு எப்போதும் ஒரு மாதிரியாக இருக்கும். மஞ்சள் பயிர் மஞ்சள் வெயிலில் கரைந்து, சட்டிக்கு மேலே புகை நிற்கிற மாதிரி தெரியும். பெண்கள் தலை தெரியாது, பயிர்தான் தானாக நடந்து போகிற மாதிரி இருக்கும். பாண்டியம்மா வலது கையால் சட்டியைப் பிடித்திருந்தாள். இடது பக்கம் சாய்ந்தால் தாங்குவதற்கு நான் ஒட்டியே நடந்தேன்.

முன்னால் மினி லாரி. அதில் வெள்ளை வேட்டியில் வேலுச்சாமி, கையில் மைக். பக்கத்தில் தலைவர், மடித்த பொன்னாடையைத் தட்டில் வைத்துக்கொண்டு.

பாட ஆரம்பித்தான். இருட்டுக்குள்ள போட்ட வெதை. என்ன சொல்வது? எனக்கு மயிர்க்கால் கூசியது. அவனை வெறுத்துக்கொண்டே என் கண் நிறைந்தது. அந்தப் பாட்டு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் நான் எழுதுவது பொய். அவன் ஒரு வரி பாட, நாங்கள் திருப்பிப் பாட, வெயிலும் புழுதியும் குலவைச் சத்தமும் கலந்து ரோடே மிதந்து போன மாதிரி இருந்தது.

கடைசி வரி வந்தது. "விளாங்குடி" என்று இழுத்தான். எங்கள் வரிசையைப் பார்த்தான். பாண்டியம்மா சட்டிக்குக் கீழே இருந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேளக்காரர் அடித்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு சுற்று காலியாகப் போனது. மறுபடியும், "விளாங்குடி" என்று எடுத்தான்.

"விளாங்குடி சனமெல்லாம் வேண்டிக் கேக்குறோம் தாயே."

என் வரி! நான் தைத்துக் கொடுத்த வரி! எத்தனை வருஷமாகத் தன் பெயரை அந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்திப் பாடினவன், நான் வெட்டிக் கொடுத்த துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டு எங்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டான். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

நாங்கள் அந்த வரியைத் திருப்பிப் பாட வேண்டும். யாரும் பாடவில்லை.

பாண்டியம்மாதான் பாடினாள். அவளுக்குப் பாட வராது, சுருதியும் கிடையாது. "விளாங்குடி வேலுச்சாமி" என்று தொண்டை கிழிய எடுத்தாள். அடுத்த கணம் எங்கள் வரிசை மொத்தமும் எடுத்தது. மைக்கே தேவைப்படவில்லை. வேலுச்சாமி மைக்கை இறக்கிவிட்டு லாரியின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் அவன் பெயரைச் சொல்லி, விதைத்ததெல்லாம் பச்சை கட்ட வரம் கேட்டோம்.

தலைவர் தட்டும் கையுமாகத் திணறினார். பொன்னாடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். லாரியைத் தாண்டும்போது பாண்டியம்மா நின்று, "போடுங்கண்ணே. வேணாம்னு நான் சொல்லல. போடும்போது மைக்குல இவரு யாரு, என்னென்ன செஞ்சாருன்னு முழுசாச் சொல்லிட்டுப் போடுங்க" என்றாள்.

தலைவர் மைக்கை வாங்கினார். "விளாங்குடி வேலுச்சாமி அவர்கள்" என்று தொடங்கினார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பொன்னாடை போர்த்தினாரா, மடித்து வைத்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் நடந்துவிட்டோம். பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர்தான் கிடந்தது. ஆகாயத் தாமரையை விலக்கிவிட்டு இறங்கினோம். ஒவ்வொருவராகச் சட்டியைச் சாய்த்தோம். பயிர் கொத்துக் கொத்தாகப் பிரிந்து, சாயங்கால வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் போய்த் தங்கி நின்றது. பாண்டியம்மாவால் ஒரு கையால் சாய்க்க முடியவில்லை. நான் மறுபக்கம் பிடித்தேன். அவள் சட்டி காலியான பிறகும் தண்ணீருக்குள்ளேயே நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்து நானும் தயாரானேன்.

அவள் மிதக்கிற பயிர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெறும் தட்டாம்பயறு போட்டா ஒசரம் பத்தல பாருங்க" என்றாள். "அடுத்த வருசம் மொச்சையும் சேத்துப் போடணும்."